ஆண்களை எண்ணி ஒரு நகரம்

நகராட்சியோ பேரூராட்சியோ அல்லாத ஓர் ஊரை நகரமென்று கணிக்க 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மூன்று அளவுகோல்களை வைத்தது: 5,000 மக்கள்தொகை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முதன்மைத் தொழிலாளரான ஆண்களில் 75 விழுக்காட்டினருக்கு வேளாண்மை அல்லாத வேலை. ஆம், ஆண்களில் மட்டும்.

விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் கணவன் கொத்து வேலைக்கோ லாரிக்கோ போய்விட, நடவு நடவும் மல்லாட்டை பிடுங்கவும் போகிறவள் மனைவி. கணக்குப்படி அவன் வேலை ஊரை நகரமாக்குகிறது, அவள் வேலை எதையும் ஆக்குவதில்லை.

வறுமை எங்கே குவிகிறது என்று தேடுபவர்கள் வரைபடத்தோடு நின்றுவிடுகிறார்கள். நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டுக்கு அலகு குடும்பம். வீட்டில் ஒருவர் ஆறாண்டு படித்திருந்தால் போதும், அந்த வீட்டுக்குப் படிப்பாண்டுக் குறை இல்லை. அந்த ஒருவர் மகனாக இருக்கலாம். அம்மா கைநாட்டாக இருக்கலாம். (வீட்டுக்குள்ளே யார் கடைசியில் சாப்பிடுகிறார் என்று இந்தக் குறியீடு கேட்பதில்லை.)

இது கணக்குப் பிழையா, அநீதியா? தெரிந்தே வகுத்த விதி என்பதால் அநீதி என்றே சொல்வேன். இப்படி நகரமான ஊராட்சியை நாளை நகராட்சியோடு இணைத்தால், ஊரகக் குடும்பங்களுக்கான வேலை உறுதி அங்கே இராது. தமிழ்நாட்டில் 2005இல் சட்டமான நூறு நாள் வேலைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.