தலைமையும் கடைமடையும்

கல்லூரி ஒன்றில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பாடம் நடத்திய ஆசிரியர் ஒருவர், உயர்கல்வித் தலைமையிலும் நிருவாகத்திலும் மேற்பட்டம் பெற விரும்புவதாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைச் சூழ்ந்திருப்போர் இருவகையாகப் பேசுவர். முதல்வர் நாற்காலிக்கு இப்பொழுதே துண்டு போட்டு இடம் பிடிக்கிறார் என்பது ஒரு பேச்சு. தலைமைப் பண்பு கருவிலேயே அமைவது, அதனை வகுப்பறையில் உட்கார்ந்து கற்க முடியுமா என்பது மற்றொரு பேச்சு. முதலாவது அவருடைய நோக்கத்தை ஐயுறுகிறது. இரண்டாவது அவருடைய முயற்சியையே பயனற்றதென ஒதுக்குகிறது. இவ்விரண்டையும் எளிதில் தள்ளிவிட இயலாது. தலைமையை விரும்பிப் படிப்பது முறையா? படித்தால் அது வருமா? கல்லூரிகள் பலவற்றை நடத்தும் திருச்சபையின் மக்களாகிய நாம் இவ்வினாக்களைச் சற்று நின்று எண்ணிப் பார்ப்பது நன்று.

உயர்கல்வியையே ஒரு பாடமாகக் கற்பிக்கும் வழக்கம் புதிதன்று. 1893ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி ஹால் என்னும் உளவியலறிஞர் இதற்கெனத் தனி வகுப்பு நடத்தினார். நம் நாட்டில் 1962இல் யுனெஸ்கோவின் துணையுடன், கல்வித் திட்டமிடுவோர்க்கும் நிருவாகிகளுக்குமான ஆசிய மண்டல மையம் புதுதில்லியில் தொடங்கப்பெற்றது. அதுவே பின்னர்த் தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிருவாக நிறுவனமாக வளர்ந்து, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதியும் அடைந்தது. கல்விக்கான நிதி எங்கிருந்து வருகிறது, எவ்வாறு செலவாகிறது. ஆசிரியர் நியமனம், பணிப்பாதுகாப்பு பற்றிய சட்டங்கள் எவை. மாணவர் இடையில் படிப்பை நிறுத்திவிடுவது ஏன். பல்கலைக்கழகங்கள் வரலாற்றில் எவ்வாறு தோன்றி வளர்ந்தன என்பன போன்றவற்றை இத்தகைய படிப்புகளில் கற்பிக்கின்றனர்.

இவற்றுள் எதனையும் முறையாகக் கற்காமலே ஒருவர் கல்லூரி முதல்வராகிவிட இயலும். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிமுறைகள், முதல்வர் பதவிக்கு முனைவர் பட்டம், 15 ஆண்டு அனுபவம், குறைந்தது 10 ஆய்வு வெளியீடுகள், 110 ஆய்வு மதிப்பெண் ஆகியவற்றைக் கோரின. கல்லூரியின் வரவு செலவையோ சட்டத்தையோ கற்றிருக்க வேண்டுமென்று அவை கோரவில்லை. ஆகவே, நேற்று வரை தாவரவியல் ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்தவர், இன்று நூற்றுக்கணக்கான பணியாளர்களின் ஊதியத்துக்கும் ஆயிரக்கணக்கான மாணவர்களின் வாழ்வுக்கும் பொறுப்பாளராக அமர்கிறார். மதுரையின் அமெரிக்கன் கல்லூரியும் லேடி டோக் கல்லூரியும் 1978இல் தன்னாட்சி பெற்றன. அதன்பின் தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் பெருகின. பாடத்திட்டம் வகுப்பதும் தேர்வு நடத்துவதும் அக்கல்லூரிகளின் சொந்தப் பொறுப்பாயின. பொறுப்பு இவ்வளவு பெருகியபோதும், அதனை ஏற்போர்க்கான பயிற்சி அதற்கேற்பப் பெருகவில்லை.

நல்ல மனமும் இறையச்சமும் இருந்தால் மற்றவை தாமே அமைந்துவிடும் என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. அவர்கள் திருவாதவூரை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். மதுரைக்கு வடகிழக்கே, மேலூர் வட்டத்தில் உள்ள அவ்வூர், பின்னாளில் மாணிக்கவாசகர் என்று போற்றப்பெற்ற வாதவூரர் பிறந்த ஊர். அவருடைய கல்விச் சிறப்பே அவரைப் பாண்டியனின் அமைச்சராக்கியது என்பது மரபு. குதிரை வாங்குவதற்கென அரசன் கொடுத்தனுப்பிய பொருளைத் திருப்பெருந்துறையில் இறைப்பணிக்கே அவர் செலவிட்டார் என்றும், அரசன் கேட்டபோது இறைவனே குதிரை வணிகனாக வந்து நரிகளைப் பரிகளாக்கித் தந்தான் என்றும், இரவில் அவை மீண்டும் நரிகளாகிவிட, அமைச்சர் தண்டனைக்குள்ளானார் என்றும் திருவிளையாடற் கதை கூறுகிறது.

சைவ அன்பர்கள் பக்தியின் உச்சமாகப் போற்றும் இவ்வரலாற்றை நாமும் மதிப்போடு அணுகுவோம். எனினும், நிறுவனம் நடத்துவோர்க்கு இதில் வேறொரு பாடமும் கிடைக்கிறது. தூய நோக்கத்தோடு செலவிட்ட பொருளுக்கும் கணக்குக் கேட்கப்படும். அவ்வருளாளரின் கணக்கை நேர்செய்ய இறைவனே இறங்கி வந்தான். நம் கல்லூரி அலுவலகங்களுக்கும் அத்தகைய குதிரை வணிகன் வருவான் என்று நம்பி யாரும் நிருவாகம் செய்தல் கூடாது. கட்டட நிதியை எடுத்து ஊதியம் வழங்குவதும், ஏழை மாணவர் உதவிக்கென வந்ததை வேறு செலவுக்குத் திருப்புவதும் தீயவர்களால் மட்டுமே நிகழ்வன என்று சொல்ல முடியாது. எந்தப் பணம் எதற்குரியது என்று அறியாத நல்லவர்களாலும் அவை நிகழும். அந்த அறியாமைக்குரிய விலையை அவர்கள் கொடுப்பதில்லை. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவர் கொடுக்கிறார். கற்றுத் தெளியக்கூடியதைக் கற்காமல் பொறுப்பேற்பவர், பிறர் செலவில் தம் பாடத்தைப் படிக்கிறார் என்றே சொல்ல வேண்டும். கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்னும் நற்செய்தி உவமை நாம் பலமுறை கேட்டதே. நடுவயதில் ஒருவர் மீண்டும் மாணவராக உட்காருவதை அந்த உவமையின் வெளிச்சத்தில் காணலாம்.

இனி, முதற்பேச்சுக்கு வருவோம். பட்டத்தின் பின்னே பதவி ஆசை மறைந்திருக்குமே என்னும் ஐயம் அது. மறைந்திருக்கக்கூடும். 'படித்தவன் நான், ஆகவே இருக்கை எனக்குரியது' என்று பட்டத்தை நிலப்பட்டாவைப் போல நீட்டுவோர் உண்டு. இத்துறையில் மற்றோர் ஆபத்தும் உண்டு. வணிக நிருவாகத்தின் சொற்கள் இங்கும் புகுந்துவிட்டன. மாணவரை வாடிக்கையாளர் என்றும், கல்வியை விளைபொருள் என்றும் பேசப் பழகிய நாக்கு, நாளடைவில் அவ்வாறே சிந்திக்கவும் மனத்தைப் பழக்கிவிடும். ஆகவே, படிப்பு வேண்டும் என்பதோடு நம் வினா முடிந்துவிடவில்லை. எந்த மனத்தோடு படிப்பது என்பதையும் ஆராய வேண்டும்.

இதற்கு நம் தமிழ்க் கத்தோலிக்க மரபிலேயே ஒளிமிக்க எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1913இல் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியின் கரம்பனில் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகள், உரோமையில் இறையியல் பயின்று 1938இல் குருப்பட்டம் பெற்றவர். தூத்துக்குடி மறைமாவட்டத்தின் வடக்கன்குளத்தில் பள்ளிப் பணியாற்றியபோதுதான் அவர் தமிழை ஆழ்ந்து கற்கத் தொடங்கினார். இறையியலில் முனைவராக இருந்தவர், தம் முப்பதுகளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். 1952 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் விரிவுரையாளராக இருந்தார். அப்பணியில் இருக்கும்போதே, நாற்பது வயதைக் கடந்த நிலையில், இலண்டன் பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவராகி, பழந்தமிழரின் கல்வியைப் பிற பண்டைய கல்விமுறைகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்து கல்வியியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறையை அவர் வழிநடத்தினார். 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகக் காரணராய் இருந்தார். அம்மன்றத்தின் தலைவர் இருக்கையில் பிரெஞ்சு அறிஞர் ஃபிலியோசா அமர்ந்தார். அடிகளோ செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபிலோடு பொதுச்செயலராகப் பணியாற்றினார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதும் அவருடைய உழைப்பினால்தான். அவர் கற்ற கல்வி அவருக்குப் பொறுப்பைச் சுமக்கும் ஆற்றலைத் தந்தது. முதலிடத்தை உரிமையாகக் கேட்கும் பழக்கத்தைத் தரவில்லை.

இவ்வாழ்விலிருந்து, இத்தகைய மேற்படிப்பில் சேர விரும்பும் ஒருவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளத்தக்க வினாக்கள் சில எழுகின்றன. நான் படிக்கச் செல்லும் ஆண்டுகளில் என் வகுப்புகளை யார் சுமப்பார்? உடன்பணியாளரின் தோளில் அச்சுமை விழுமாயின், அதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? படிப்புக்கான செலவை என் குடும்பமோ என் சபையோ ஏற்குமாயின், அது எவருடைய தேவையிலிருந்து எடுத்துத் தரப்படுகிறது? எல்லாவற்றினும் கடினமான வினா ஒன்று உண்டு: திரும்பி வந்தபின் எனக்கு எந்தப் பதவியும் கிடைக்காவிட்டாலும் இப்படிப்பு எனக்குப் பொருளுடையதாய் இருக்குமா? துறைத் தலைவராகக்கூட ஆகாமல், உதவித்தொகைக் குழுவில் ஓர் உறுப்பினராக மட்டும் இருந்து, அக்கல்வியை முழு மனத்தோடு பயன்படுத்துவேனா? ஆம் என்று சொல்ல இயன்றவரிடம் பதவி வந்தால் கல்லூரி பிழைக்கும். தயங்குபவர் படிக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். படிக்கும்போதே அத்தயக்கத்தையும் ஒரு பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இத்தகைய வினாக்கள் படிக்க விரும்புவோர்க்கு மட்டும் உரியன அல்ல. தலைவரைத் தேர்ந்தெடுப்போர்க்கும் உரியன. சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகளின் நிருவாக உரிமையை உச்ச நீதிமன்றம் 1974இல் அகமதாபாத் தூய சவேரியார் கல்லூரி வழக்கில் உறுதிசெய்தது. முதல்வரைத் தெரிந்தெடுப்பது அவ்வுரிமையின் மிக முக்கியமான கூறு என்றும், தேவையான தகுதி இருக்குமாயின் பணிமூப்பு அதற்குத் தடையாகாது என்றும் 2006இல் மலங்கரை சிரியக் கத்தோலிக்கக் கல்லூரி வழக்கில் தீர்ப்பளித்தது. பணிமூப்பைக் கடந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சட்டம் நமக்கு இடம் தருகிறது. அவ்வுரிமையைப் பயன்படுத்துவோர், தாம் தேர்ந்தெடுத்தவர் மூத்தவரைவிட எவ்வகையில் மேலானவர் என்பதற்குத் தம் மனச்சான்றின்முன் விடைசொல்லக் கடமைப்பட்டுள்ளனர். 'நம்மவர்' என்பது மட்டுமே விடையாகுமாயின், உரிமையைக் காத்தவர்கள் நீதியை இழந்தவர்கள் ஆவர்.

துறவியர் தம் தலைவர்களின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து முதல்வர் பொறுப்பேற்பது போற்றத்தக்கதே. ஆயினும், கீழ்ப்படிதல் ஒருவருக்குப் பணிவைத் தரும். தணிக்கை அறிக்கையைப் படிக்கும் அறிவைத் தராது. அதற்கு அவர்களைக் காலத்தோடு ஆயத்தம் செய்வது சபையின் கடமை. பொதுநிலையினர்க்கும் இதில் பங்குண்டு. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களின் எதிர்காலம் தகுதியும் ஈடுபாடும் உடைய பொதுநிலையினரின் பணியைப் பெரிதும் சார்ந்துள்ளது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990இல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் பற்றிய தம் ஆவணத்தில் எடுத்துரைத்தார். 'எப்படியும் நமக்குத் தரமாட்டார்கள்' என்று ஒதுங்கி நிற்பது எளிது. ஆயத்தமாக இருப்பவரை ஒதுக்குவது, ஆயத்தமில்லாதவரை ஒதுக்குவதுபோல அத்தனை எளிதன்று.

திருவாதவூரோடு இணைத்துப் பேசப்படும் மற்றொரு பெயர் கபிலர். அவரும் அவ்வூரிலேயே பிறந்தார் என்பது ஒரு மரபு. பாரி மாண்டபின் அவனுடைய மகளிர் இருவரையும் தம் பொறுப்பாக ஏற்று, அவர்களின் வாழ்வுக்காக அரசர்களின் வாயிலில் நின்றவர் அவர். எந்த அரசிருக்கையும் அவருக்கு இல்லை. பிறர் பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தம் கடனாகக் கொண்ட மனம் இருந்தது. கல்லூரித் தலைமைக்கு அடிப்படையாக அமைய வேண்டிய மனமும் இதுவே. வாதவூரர் கதை உணர்த்தும் கணக்கறிவும் கபிலர் வாழ்வு உணர்த்தும் கடனுணர்வும் ஒருவரிடத்தில் சேருமாயின் அவர் பெற்ற பட்டத்துக்குப் பொருள் உண்டு.

மேலூர் வட்டத்து உழவர்கள் இதனை நம்மைவிட நன்கு அறிவார்கள். வைகையின் பேரணையிலிருந்து வரும் பெரியாற்றுப் பாசன நீருக்கு அவர்களுடைய வயல்கள் கடைமடை. மதகு திறக்கப்பட்டது என்னும் செய்தி கேட்டு அவர்கள் மகிழ்ந்துவிடுவதில்லை; தண்ணீர் தங்கள் வாய்க்காலுக்கு வந்ததா என்றே பார்ப்பார்கள். தலைமடையில் இருப்பவர் நல்லவராக இருப்பது மட்டும் அதற்குப் போதாது. எந்த நாளில் எத்தனை கன அடி திறந்தால் கடைசி வயல் நனையும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதிகாலையில் பேருந்து ஏறி மதுரைக்குப் படிக்கச் செல்லும், தன் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் மாணவி ஒருத்தியின் உதவித்தொகை விண்ணப்பம் உரிய நாளில் உரிய அலுவலகத்தைச் சென்றடைந்ததா என்று கேட்டுப் பாருங்கள். அக்கல்லூரியின் தலைமை கற்றதா, கல்லாததா என்பது அங்கே தெரிந்துவிடும்.