தலைக்கவசத்துக்குள் இருந்த கண்

ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் ஸ்டார்ம்ட்ரூப்பரின் வெள்ளைத் தலைக்கவசம் ஒன்று என்னிடம் இருக்கிறது. இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், ஒருவர் போட்டுக் கழித்ததை வாங்கினேன். கண் பகுதியில் இருந்த பச்சைக் கண்ணாடி கீறல் விழுந்து, ஓரத்தில் விரிசலும் விட்டிருந்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மாற்ற உட்கார்ந்தேன். கண்ணாடி என்று பேச்சுக்குச் சொல்கிறேன். உண்மையில் அது சாயமேற்றிய பிளாஸ்டிக் தகடு.

வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. பழைய பசையைச் சுரண்டி எடுக்கணும். கண் துளையைக் காகிதத்தில் வரைந்து, சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கூட்டி வெட்டணும். அதைத் தகட்டின் மேல் வைத்துக் கோடு போட்டு, வெட்டி, உள்பக்கமிருந்து ஒட்டணும். சூடான பசையை அள்ளி ஊற்றினால் கவசத்தின் மெல்லிய பிளாஸ்டிக் நெளிந்துவிடும், அதனால் நிதானமாகச் செய்யணும். இதெல்லாம் கை பழகினால் வந்துவிடும். ஆனால் கத்தரியை எடுப்பதற்கு முன் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. மேசையில் இரண்டு தகடுகள். ஒன்று நல்ல இருட்டு, இன்னொன்று கொஞ்சம் வெளிறியது. எதை ஒட்டுவது?

சாயத் தகட்டில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. தன்மேல் விழும் வெளிச்சத்தில் 30 சதவீதத்தை மட்டும் விடும் தகடு என்று வைத்துக்கொள்வோம். நான் வெளியே பார்க்கும்போது அந்த 30 எனக்குக் கிடைக்கிறது. நீங்கள் என் கண்ணைப் பார்க்க வேண்டுமென்றால், வெளிச்சம் தகட்டைத் தாண்டி உள்ளே வந்து, என் முகத்தில் பட்டு, திரும்பவும் அதே தகட்டைத் தாண்டி வெளியே வரணும். 30-இல் 30 சதவீதம், அதாவது அதிகபட்சம் 9. உங்களைப் பார்க்க எனக்கு ஒரு தடை, என்னைப் பார்க்க உங்களுக்கு இரண்டு தடை. இந்த வித்தியாசத்தில்தான் முகமூடியின் பலமே இருக்கிறது.

பார்க்கிறவன் பார்க்கப்படாமல் இருந்தால் என்ன செய்வான் என்பது பழைய கேள்வி. பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் இரண்டாம் புத்தகத்தில் க்ளாக்கன் ஒரு கதை சொல்கிறான். ஒரு இடையனுக்கு மோதிரம் ஒன்று கிடைக்கிறது. அதைத் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். அவன் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டையே எடுத்துக்கொள்கிறான். மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று தெரிந்தால் யாருமே நல்லவனாக இருக்கமாட்டார்கள் என்பது க்ளாக்கன் வைக்கும் வாதம்.

கல்லூரியில் இதைப் படித்தபோது, 'நானெல்லாம் அப்படி இல்லப்பா' என்று நினைத்தேன். கொலை, சிம்மாசனம் என்று கதை பெரிதாக இருந்ததால் எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தோன்றியிருக்கும்.

போன கோடையில் ஒரு நூலகத்தில் குழந்தைகள் நிகழ்ச்சி. எங்கள் குழு வேஷம் போட்டுக்கொண்டு போயிருந்தது. மூன்று மணி நேரம் நின்று, கவசத்துக்குள் வியர்த்து, தகட்டில் ஆவி படிந்து, எப்போது கழற்றுவோம் என்று இருந்தது. கிளம்பும் நேரத்தில் ஐந்து வயதிருக்கும் ஒரு சிறுமி, தான் வரைந்த படத்தை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். நான் நிற்காமல் நடந்துவிட்டேன். அவள் முகம் சுருங்கியது. அவளுடைய அம்மா குனிந்து, "அவருக்குத் தெரியலடா கண்ணு, அந்த ஹெல்மெட்டுக்குள்ள இருந்து ஒண்ணுமே தெரியாது" என்கிற மாதிரி சமாதானம் சொன்னார்.

அது எல்லாரும் நம்பக்கூடிய சமாதானம். 1977-இல் வந்த முதல் படத்திலேயே ஒரு ஸ்டார்ம்ட்ரூப்பர் கதவில் தலையை இடித்துக்கொள்வான். ரசிகர்களிடம் அது நிரந்தர ஜோக். இந்தக் கவசத்துக்குள் பார்வை மட்டம் என்பது உலகத்துக்கே தெரியும்.

ஆனால் நான் அவளைப் பார்த்தேன். படத்தையும் பார்த்தேன். மஞ்சள் கிரேயானில் ஒரு பெரிய சூரியன் இருந்தது.

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. க்ளாக்கன் சொன்ன மோதிரம் எனக்கு ஒரு சிம்மாசனத்தையும் தரவில்லை. பத்து விநாடி நிற்காமல் போகிற வசதியைத்தான் தந்தது. அதற்கே நான் விலைபோனேன்.

இந்தக் கவசத்தைப் பற்றி இங்கே ஒரு வழக்கு நடந்தது. இது சிற்பமா, பயன்பாட்டுப் பொருளா என்பது அதில் ஒரு கேள்வி. 2011-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சிற்பம் அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. சட்டத்தின் கணக்கு வேறு. ஆனால் பயன்பாட்டுப் பொருள் என்றால், நான் அதை எதற்குப் பயன்படுத்தினேன் என்று என்னைக் கேட்கலாம் இல்லையா?

திருக்குறளின் அதிகார வரிசை அப்போது ஞாபகம் வந்தது. 57 வெருவந்த செய்யாமை, பிறர் அஞ்சும்படி நடக்காமல் இருப்பது. 59 ஒற்றாடல், தான் தெரியாமல் பிறரைப் பார்ப்பது. இரண்டுக்கும் நடுவில் 58, கண்ணோட்டம். இன்று அந்தச் சொல்லை 'பார்க்கும் கோணம்' என்ற பொருளில் எழுதுகிறோம். வள்ளுவரிடம் அது இரக்கம். கண் எதிராளியிடம் ஓடுவது. பார்ப்பது மட்டும் போதாது, பார்த்த பிறகு கண் அங்கே போகணும்.

என் அறை நண்பன் இதை ஏற்கவில்லை. "மச்சான், உள்ள கண்ணு தெரிஞ்சா அது ட்ரூப்பரே இல்லடா. பசங்க உன்னையா பார்க்க வர்றாங்க?" என்றான். நியாயம்தான். 1997-இல் அமெரிக்காவில் தொடங்கிய 501-ஆவது லீஜியன் போன்ற ரசிகர் குழுக்கள், இதே வில்லன் வேஷத்தில் எவ்வளவோ தர்ம காரியங்கள் செய்கின்றன. தங்கள் முகத்துக்குப் பெயர் வாங்காமல் செய்கிறார்கள். இருட்டுத் தகடு போட்டவர்கள் எல்லாம் என்னைப் போல நடந்துகொள்கிறார்கள் என்று சொன்னால் அது அபாண்டம். தகடு யாரையும் நல்லவனாகவோ கெட்டவனாகவோ ஆக்குவதில்லை. 'தெரியல' என்று சொல்லிக்கொள்ள ஒரு வாய்ப்பை மட்டும் கையில் கொடுக்கிறது. சிலர் அதைத் தொடவே மாட்டார்கள். நான் தொடுவேன் என்று எனக்கு இப்போது தெரியும்.

அதனால் வெளிறிய தகட்டை ஒட்டினேன். பசை காய ஒரு ராத்திரி விட்டு, காலையில் மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றேன். நண்பன் உற்றுப் பார்த்துவிட்டு, "கண்ணு தெரியுதுடா" என்றான், கொஞ்சம் ஏமாற்றமாக.

அடுத்த மாதம் அதே நூலகத்தில் நிகழ்ச்சி இருக்கிறது. அவள் வருவாளா என்று தெரியாது. வந்தாலும் என்னை ஞாபகம் இருக்காது. அவளைப் பொறுத்தவரை அன்று அவளைப் பார்க்காமல் போனது ஒரு ஹெல்மெட்.