கையில் இருப்பதன் குற்றம்

மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் கடல் அட்டை தமிழர் உலையில் ஏறுவதில்லை. அவித்து, உலர்த்தி, சீனர்கள் உண்ணும் நாடுகளுக்கே அது போகிறது. 2001-இல் மத்திய அரசு கடல் அட்டைகள் அனைத்தையும், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியும் யானையும் இருக்கும் முதல் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியல் உயிர்களைப் பற்றிய குற்றத்துக்கு மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. ஏழாண்டு வரை நீளலாம். சரக்கு ஒருவர் வசம் இருந்தது நிரூபணமாகிவிட்டால், முறைகேடாகவே வைத்திருந்தார் என்று நீதிமன்றம் கொள்ளும். அப்படியில்லை என்று காட்டும் சுமை அவருடையது. பாக் நீரிணையைத் தாண்டினால் இலங்கையில் இதே உயிரை உரிமத்தோடு பிடிக்கலாம், பண்ணை வைத்தும் வளர்க்கலாம். ஒரு கரையில் பிழைப்பாக இருப்பது மறுகரையில் சிறைக்கு அனுப்புகிறது என்றால், குற்றம் எதில் இருக்கிறது?

1907-இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் தமிழரிடையே மீட்க முயன்ற பௌத்தம் இங்கே துணைக்கு வருகிறது. செயலைவிட அதன் பின்னுள்ள மனமே வினைக்கு எடை தருகிறது என்பது புத்தரின் நிலைப்பாடு. உடலின் செயலையே கனமானதாகக் கொண்ட சமணரோடு அவர் வேறுபட்ட இடம் அது. நம் சட்டம் இவ்விஷயத்தில் சமணர் பக்கம் நிற்பதுபோல் தோன்றும். ஆனால் கொல்லாமை இச்சட்டத்தின் அடிப்படை அன்று. காசிமேட்டில் நாள்தோறும் இறங்கும் மீனுக்கு எவரும் சிறை போவதில்லை. கடல் அட்டைகள் ஆணும் பெண்ணுமாகத் தம் உயிரணுக்களை நீரில் விட்டே கருவுறுகின்றன. எண்ணிக்கை குறைந்து ஒன்றைவிட்டு ஒன்று விலகினால், மிஞ்சியவை உயிரோடிருந்தும் கரு கூடுவதில்லை. ஆகவே இது கொலையைவிடக் களவுக்கே நெருக்கமானது. பறிகொடுப்பவர்கள் இன்னும் பிறக்கவில்லை, அவ்வளவுதான். இலங்கை உரிமம் தருவதும் இந்தியா தடுப்பதும் முரணாகத் தெரியாததும் இதனால்தான்: எவ்வளவு எடுத்தால் கடல் தாங்கும் என்பதில்தான் இரு அரசுகளும் வேறுபடுகின்றன.

களவு என்றால், அதை நடத்துபவன் யார் என்று கேட்டாக வேண்டும். கூலிக்கு மூழ்கும் குளியாளும், முன்பணம் கொடுத்து அவரை இறக்கி, சரக்கைச் சேர்த்துக் கள்ளத்தோணியில் அனுப்பும் வியாபாரியும் ஒரே மூன்றாண்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மேலே ஏற்ற நீதிபதிக்கு இடமுண்டு, கீழே இறக்க இல்லை. இது அநீதி என்றே கருதுகிறேன். மனத்தை யார் அளப்பது என்று கேட்பார்கள். ஓர் உயிர் போன வழக்கில் திட்டமிட்ட கொலையையும் கைமோசக் கொலையையும் பிரித்தறியும் நீதிமன்றம், சரக்கின் அளவையும் படகின் உடைமையையும் பணம் வந்த வழியையும் கொண்டு இதையும் அறியலாம்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. குளியாளுக்குச் சலுகை தந்தால் வியாபாரி அவரையே கேடயமாக்குவான். கடைசி அட்டையும் போய்விடும். அந்த அச்சம் எனக்கும் உண்டு, ஆகையால் அவரை விட்டுவிடச் சொல்லவில்லை. சரக்கு பறிமுதலாகட்டும், தண்டனையும் இருக்கட்டும். அதன் கீழ்வரம்பை மட்டும் நீதிபதியின் கையில் விடலாம், ஏவியவருக்கு மூன்றாண்டைக் குறைக்காமல். வாங்குபவர் இல்லையேல் விற்பவர் இல்லை என்பதைக் குறளின் புலால்மறுத்தல் அதிகாரம் எப்போதோ கண்டுகொண்டது. முன்பணம் கொடுத்தவர் வெளியே இருக்கும்வரை, ஒரு குளியாள் சிறையில் கழிக்கும் மூன்றாண்டும் அதே கடலில் வேறொருவர் மூழ்கிக்கொண்டிருப்பார்.