எச்சரிக்கை பேரப்பொருளா?

2000 ஏப்ரலில் திபெத்தின் யிகோங் பள்ளத்தாக்கில் மலை சரிந்து ஆற்றை மறித்தது. இரண்டு மாதம் நீர் தேங்கி ஏரியாயிற்று. அது உடையும் என்பது மேலே இருந்தவர்களுக்குத் தெரியும். மண்மேட்டில் வாய்க்கால் வெட்டி நீரை வடிக்கப் பார்த்தார்கள். ஜூன் 10 அன்று உடைப்பெடுத்தது. கீழே அருணாசலப் பிரதேசத்தில், சியாங் ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களுக்கு அப்படியொரு ஏரி உருவானதே தெரியாது. பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. சுமார் 30 பேர் மாண்டார்கள். பல்லாயிரம் பேர் வீடிழந்தார்கள்.

2004இல் அதே திபெத்தில், ஸ்பிதி வழியாகச் சட்லெஜில் சேரும் பரேச்சு ஆற்றை இன்னொரு சரிவு அடைத்தது. இம்முறை சீனா இந்தியாவுக்குத் தகவல் சொன்னது. இமாசலப் பிரதேசத்தில் ஆற்றோர ஊர்களைக் காலிசெய்து மக்களை மேட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டு ஏரி உடையவில்லை. வீண் அலைச்சல் என்று சலித்துக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 26 அன்று உடைந்தது. சாலைகளும் பாலங்களும் போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும், ஆற்றின் நீர்மட்டத்தைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் மேல்கரை நாட்டின் விருப்பம் என்று கருதலாமா?

கருதலாம் என்போரிடம் காரணங்கள் இல்லாமல் இல்லை. ஆள் அரவமற்ற மலைகளில் அளவீட்டு நிலையம் நடத்தச் செலவாகும். அது நியாயமான பேச்சு; பிரம்மபுத்திரா தரவுக்காக இந்தியா சீனாவுக்குப் பணம் கொடுத்திருக்கிறது. இராணுவப் பாதுகாப்பு என்பார்கள். அதைவிடக் கனமான தயக்கம் ஒன்று உண்டு: இன்று கொடுக்கும் புள்ளிவிவரம் நாளை நீர்ப்பங்கீட்டு வழக்கில் நமக்கே எதிராக நிற்கும் என்ற அச்சம். ஆண்டு முழுதும் ஓடும் நீரின் கணக்குக்கு இந்த அச்சம் பொருந்தலாம். ஆனால் மழைக்கால இரவொன்றில் நீர் அபாய அளவைத் தாண்டிவிட்டது என்ற செய்தியால் எந்த வழக்கும் தோற்கப்போவதில்லை. முன்னதைப் பேரம் பேசட்டும். பின்னதைப் பேரத்தில் வைப்பவர், உறங்கிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தைப் பணயம் வைக்கிறார்.

2017இல் அதுதான் நடந்தது என்று ஐயப்பட இடமிருக்கிறது. டோக்லாமில் இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்ற அந்த மழைக்காலத்தில் பிரம்மபுத்திரா தரவு இந்தியாவுக்கு வரவில்லை. நிலையங்களைப் புதுப்பிப்பதாகச் சீனா விளக்கம் சொன்னது. அதே வேளையில் வங்கதேசத்துக்குத் தரவு வந்துகொண்டிருந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. அசாமின் ஆற்றுத்திட்டில் நெல் விதைத்தவருக்கும் டோக்லாமுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வியைச் சீனாவிடம் மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. பாகிஸ்தானுடனான சிந்து நீர் ஒப்பந்தத்தை இந்தியா 2025 ஏப்ரலில் நிறுத்திவைத்தது. ஆகஸ்டில் தாவி ஆறு பெருகியபோது வெள்ள எச்சரிக்கை பாகிஸ்தானுக்குப் போயிற்று. வழக்கமான சிந்து ஆணையர்கள் மூலமாக அல்ல, தூதரகம் வழியாக, மனிதாபிமான அடிப்படையில். அனுப்பியது சரியான செயல், பாராட்டத்தக்கது. ஆனால் மனிதாபிமானம் என்று பெயரிட்டதும் அது கொடுப்பவரின் தயவாகிவிடுகிறது. தயவை அடுத்த ஆண்டு நிறுத்திக்கொள்ளலாம், யாரும் கேட்க முடியாது. கடமை என்று ஏற்றுக்கொண்டால் எல்லையில் துப்பாக்கி வெடித்தாலும் செய்தி போயாக வேண்டும். வெள்ள எச்சரிக்கைக்கென, வேறெந்த ஒப்பந்தம் முறிந்தாலும் முறியாத தனி ஏற்பாடு வேண்டும் என்பது இதனால்தான்.

அந்த ஏற்பாடும் காகிதத்தோடு நின்றால் போதாது. 2024 ஆகஸ்ட் 21 அன்று திரிபுராவில் பெருமழை. பிற்பகல் மூன்று மணி வரை நீர்மட்டம் ஏறுவதைக் காட்டும் தரவு வங்கதேசத்துக்கு அனுப்பப்பட்டது. ஆறு மணிக்கு வெள்ளத்தால் மின்சாரம் போய், தகவல் தொடர்பில் சிக்கல் ஏற்பட்டதாக இந்திய வெளியுறவு அமைச்சகம் தெரிவித்தது. கீழே வங்கதேசத்தின் ஃபெனி மாவட்டம் மூழ்கியது. திரிபுராவில் உள்ள அணையை வேண்டுமென்றே திறந்தார்கள் என்ற கோபம் அங்கே பரவியது, இந்தியா மறுத்தது. பழியும் மறுப்பும் ஒருபுறம் இருக்கட்டும். வெள்ளத்தை அளக்கவே வைத்த நிலையம் வெள்ளத்தில் மௌனமாகாமல் இருக்க, மாற்று மின்சாரமும் இரண்டாவது தொடர்பு வழியும் அங்கே இருந்தாக வேண்டும். அவற்றுக்கான செலவும் மேல்கரையின் கடமைக்குள் அடங்கும்.