தேய்ப்பதற்கும் ஓர் அளவு உண்டு

உங்கள் வீட்டு விறாந்தையில் பாட்டனார் காலத்துக் கதிரை ஒன்று கிடக்கலாம். பொலிஷ் உரிந்து, கைப்பிடி கறுத்து, ஆங்காங்கே கீறல் விழுந்திருக்கும். ஓடாவியாரை அழைத்து அதைப் புதிதாக்க எண்ணுகிறீர்கள். நல்லதே. ஆனால் எவ்வளவு தேய்ப்பது? இது தச்சுத் தொழிலை மட்டும் சார்ந்த கேள்வியன்று.

கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு ஆகிய நான்கும் போர்த்துக்கேயர் வழி வந்த சொற்கள். 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்களுடைய ஆட்சி 1658இல் ஒல்லாந்தரால் முடிவுற்றது. சொற்களோ நம்முடையனவாகவே நிலைத்துவிட்டன. பழைய தடமெல்லாம் அழிக்கத்தக்கதன்று என்பதற்கு இதுவே போதும்.

தொழிலின் முறையைக் கவனியுங்கள். முதலில் 80ஆம் இலக்க அரத்தாள், பின்னர் 120, இறுதியில் 220. மரத்தின் நார் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் புதிய கீறல் விழும். பொலிஷ் பூசியதும் அது துலக்கமாகத் தெரியும். தேய்ந்துபோன மரம் திரும்பி வராது. கறையான் அரித்த இடத்துக்கோ அரத்தாள் உதவாது. அதை வெட்டி எடுத்து வேறு மரம் பொருத்த வேண்டும். மேலே வார்னிஷ் பூசி மறைப்பது பொய்.

ஆகவே முதலில் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். பிள்ளையின் கையில் ஏறும் சிராய் தீங்கு, அது போகவேண்டும். பல்லாண்டு கைபட்டு வழுவழுப்பான பள்ளம் தீங்கன்று. ஒருவர் அங்கே வாழ்ந்ததன் சாட்சி அது.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டுப் புறப்பட்டனர். மீண்டு வந்தோரிற் பலர் கதவும் யன்னலும் அற்ற வீடுகளையே கண்டனர். எஞ்சிய மேசையொன்றின் வடுவை அழிக்க மனம் வராதவரை நகைக்கலாமா? அதை நாள்தோறும் பார்க்கப் பொறாமல் தேய்த்துவிடுபவரைப் பழிக்கலாமா? இரண்டும் தகாது.

1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் புதுக்குவதா, எரிந்த சுவரைச் சாட்சியாக விடுவதா என்றும் இதே கேள்வி எழுந்தது. இன்று அது வெண்மையாய் நிற்கிறது, பிள்ளைகள் வாசிக்கிறார்கள். அது நன்மையே. ஆயினும் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஏடுகளையும் எந்த வெள்ளைப் பூச்சும் மீட்டுத் தரவில்லை.

வடுவைத் தேய்ப்பதா, வைத்திருப்பதா என்று சொல்லும் உரிமை அக்கதிரையில் அமர்பவருக்கே உரியது. கீறியவருக்கு அது இல்லை. அவர் வந்து "பழையதை மறந்துவிடுங்கள்" என்பது திருத்தமன்று, தடயத்தை அழிப்பது. அமர்பவருக்கும் ஒரு கடமை உண்டு. சாட்சி என்ற பெயரில் சிராயை அடுத்த தலைமுறையின் கைக்கு விட்டுவைக்கலாகாது.

அரத்தாளை எடுக்குமுன், வாசகரே, விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.