முதுமாணிக்கு முன் ஒரு கணக்கு

வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1 அன்று தனிப் பல்கலைக்கழகமானது. வணிகக் கற்கைகள் பீடமும் அங்கே உண்டு. வன்னிப் பிள்ளைக்கு வணிகப் பட்டம் இன்று எட்டாக்கனி இல்லை. எனக்கு அது பெரிய மகிழ்ச்சி.

அதற்கு மேல் எம்.பி.ஏ. படிப்பதா? வங்கியில் பதவி உயர்வுக்கு என்றால் அந்தக் கடதாசிக்குப் பெறுமதி உண்டு. இரணைமடுத் தண்ணீரில் விளையும் நெல்லை அரிசியாக்கிக் கொழும்புக்கு அனுப்ப நினைக்கிறீர்களா? அறுவடை நேரம் விலை ஏன் விழுகிறது, களஞ்சியம் கட்ட எவ்வளவு முடியும், கடன் வட்டி எவ்வளவு என்று முதலில் ஒரு போகம் ஆலையில் நின்று பாருங்கள். பிறகும் விடை கிடைக்காத கேள்விகள் மிஞ்சினால், அவற்றை எழுதிக்கொண்டு வகுப்புக்குப் போங்கள். கட்டணத்தோடு, வார இறுதிகளில் ஏ9 வீதியில் கழியும் மணித்தியாலங்களையும் கணக்கில் சேருங்கள்.