விடுவதும் விவேகமே

இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேற்றைக் கொண்டே மாணவர் மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகின்றனர். ஐக்கிய அமெரிக்காவில் முறை வேறு. அங்கே பெரும்பாலும் நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்த பின்னரே மருத்துவக் கல்லூரியிற் சேர்வர். பட்டத்துக்கு ஒரு முதன்மைப் பாடம் போதும். சிலர் இரண்டை எடுக்கின்றனர். புலம்பெயர்ந்த ஈழத்தவரின் பிள்ளைகளும் இவ்வழியிற் படிக்கின்றனர்.

மாணவி ஒருத்தி உயிரியலோடு மெய்யியலையும் எடுத்திருக்கின்றாள் எனக் கொள்க. மருத்துவ நுழைவுப் பரீட்சை நெருங்குகின்றது. நித்திரையும் இல்லை, புள்ளிகளும் சரிகின்றன. இரண்டாம் பாடத்தை விடலாமா?

“தொடங்கியதை இடையில் விடுவது இழுக்கு” என்பர் பெற்றோர். வைத்த நேர்த்தியைத் தீர்க்காமல் விடாத மனம் அது. ஆனால் நேர்த்தி இறைவனுக்குக் கொடுத்த வாக்கு; பாடமோ அறிவுக்காக எடுத்தது. மருத்துவக் கல்லூரிகளும் இரண்டாம் முதன்மைப் பாடத்தைக் கேட்பதில்லை.

திருக்குறளில் 47ஆம் அதிகாரம் தெரிந்து செயல்வகை. அதையடுத்து வலியறிதல், பின்னர் காலமறிதல். செயலோடு வலிமையையும் காலத்தையும் சேர்த்தே நிறுக்க வேண்டும் என்பதை இவ்வரிசையே உணர்த்தும்.

எனினும் எதற்காக எடுத்தாள் என்பதே அறத்தின் வினா. பிறர் மெச்ச எடுத்திருந்தால், விடும்போது குறைவது பெருமை மட்டுமே. விருப்பத்தால் எடுத்திருந்தால், பட்டத்தில் இடம்பெறாவிட்டாலும் தொடர்ந்து படிப்பாள். நாளை நோயாளியின் படுக்கையருகே நிற்கும்போது அக்கல்வி துணைவரும். சோம்பலால் விட்டால் அதுவே இழுக்கு.

சுமையை இறக்குவது வேறு. கடமையிலிருந்து ஓடுவது வேறு. இரண்டையும் பிரித்தறியும் தெளிவை எல்லாம் வல்ல இறைவன் இளையோர்க்கு அருள்வானாக.